மூன்று பற்களின் விலை

வன்னியம்பட்டியில் எங்கள் வீட்டுக்கு வந்திருந்த என் அக்கா, ஒருநாள் காலை முகம் கழுவும்போது கன்னத்தைப் பற்றிக்கொண்டு அப்படியே அமர்ந்துவிட்டார். மின்சாரம் பாய்ந்ததுபோல் இருந்ததாம். சில நொடிகளில் வலி மறைந்தது. ஆனால் சோறு மெல்லும்போதும், பல் துலக்கும்போதும், காற்று முகத்தில் படும்போதும் மீண்டும் வந்தது. பல்வலி என்றே கருதினோம். மூன்று பற்கள் பிடுங்கப்பட்டன, வலி போகவில்லை. உண்மையான காரணத்தை அறிய நான்கு ஆண்டுகள் ஆயின.

அது 'டிரைஜெமினல் நியூரால்ஜியா' எனப்படும் முக்கிளை நரம்பு வலி. நெற்றி, கன்னம், தாடை ஆகியவற்றின் உணர்ச்சியை மூளைக்குக் கொண்டுசெல்லும் ஐந்தாம் கபால நரம்புக்கு மூன்று கிளைகள் உண்டு. பெரும்பாலான நோயாளிகளுக்கு, அந்நரம்பு மூளைத்தண்டை அடையும் இடத்தில் ஒரு ரத்தக்குழாய் அதன்மீது அழுந்துகிறது. நாளடைவில் நரம்பின் மேலுறை சிதைந்து, மெல்லிய தொடுதலே கடும் வலியாகிறது. சிலருக்குக் கட்டி போன்ற வேறு காரணங்களும் இருக்கலாம் என்பதால் எம்.ஆர்.ஐ. பரிசோதனை அவசியம்.

முதல் சிகிச்சை கார்பமசெபைன் மாத்திரை. வலிப்பு நோய்க்கும் தரப்படும் இம்மருந்து விலை குறைந்தது. பலருக்கு இதுவே போதும். பலனளிக்காதபோது அறுவை சிகிச்சை. காதுக்குப் பின்னால் மண்டையோட்டில் சிறு திறப்பிட்டு, நரம்பை அழுத்தும் ரத்தக்குழாயை விலக்கி, இடையே டெஃப்லான் பஞ்சு வைக்கிறார்கள். அமெரிக்க மருத்துவர் பீட்டர் ஜானெட்டா செம்மைப்படுத்திய முறை இது. அவர் குழுவினர் 1996-இல் வெளியிட்ட ஆய்வில், பத்தாண்டுகளுக்குப் பின்னும் ஏறத்தாழ 70 சதவீதத்தினர் மருந்தின்றி வலி நீங்கியிருந்தனர். கேட்கும் திறன் குறைதல் போன்ற அபாயங்களும் உண்டு. அறுவையைத் தாங்க இயலாத முதியோருக்கு ஊசி வழிச் சிகிச்சையும் கதிர்வீச்சும் உள்ளன.

தமிழகத்துக்கு இத்துறை புதிதன்று. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் 1949-இல் ஜேக்கப் சாண்டி நாட்டின் முதல் நரம்பு அறுவை சிகிச்சைத் துறையைத் தொடங்கினார். அடுத்த ஆண்டே சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் பி. ராமமூர்த்தி அப்பணியை மேற்கொண்டார். திறமைக்குப் பஞ்சமில்லை, சரியான வாசலுக்கு நோயாளி வந்து சேர்வதில்தான் தாமதம்.

மருத்துவத்தில் நோயாளியிடமும் மருத்துவரிடமும் உள்ள தகவல் சமமானதன்று எனப் பொருளியலறிஞர் கென்னத் ஆரோ 1963-இல் எழுதினார். அதை வகுப்பறையில் பல்லாண்டுகள் கற்பித்தவன் நான். அதன் பொருளை உணர்ந்தது அக்காவின் பற்கள் போன பிறகுதான்.

பல்லைப் பிடுங்குமுன் மூன்று கேள்விகள் போதும்: வலி நொடிகளில் வந்து மறைகிறதா? முகத்தின் ஒரு பக்கம் மட்டுமா? தொட்டாலே தூண்டப்படுகிறதா? ஆம் எனில், நரம்பியல் மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் பல் மருத்துவமனைகளிலும் இக்கேள்விகளை எழுதி ஒட்ட அரசுக்குப் பெரும் செலவு ஆகாது. அறுவைக்குப் பின் அக்கா இப்போது அச்சமின்றி முகம் கழுவுகிறார். இழந்த நான்கு ஆண்டுகளைத்தான் யாராலும் திருப்பித் தர இயலவில்லை.