சிறு நல்கையும் தோள்வலி ஆராய்ச்சியும்

ஆராய்ச்சி என்றவுடன் பெரிய கூடங்களும், விலையுயர்ந்த கருவிகளும், கோடிக்கணக்கான பணமும் நம் நினைவில் எழுகின்றன. ஆனால் தோள்வலியோடும் முழங்கை வலியோடும் மருத்துவமனைக்கு வரும் நோயாளிகளைப் பற்றிய ஆராய்ச்சிக்கு முதற்படியில் தேவைப்படுவன ஒரு வினாத்தாள், ஒரு பதிவேடு, நோயாளியை மறுமுறை அழைத்து விசாரிக்க ஒருவர் ஆகியவையே. இவற்றுக்கான செலவைத் தருவதே சிறு நல்கை. அதனைக் கேட்டு விண்ணப்பிப்பது எப்படி என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

மருத்துவக் கல்லூரி மலரில் வரவேண்டிய பொருள் கலைக் கல்லூரி மலரில் எதற்கு என்று நண்பர்கள் கேட்கலாம். நான் புள்ளியியல் மாணவன். இத்தகைய விண்ணப்பத்தின் உயிர்நிலையான பகுதி ஒன்று எங்கள் பாடத்தைச் சேர்ந்தது. மற்றொரு பகுதி, பின்னர் காண்பதுபோல், தமிழ் பயிலும் நண்பர்களுக்கு உரியது.

ஆராய்ச்சி ஏன் தேவை?

கையை மேலே தூக்கும்போது தோளில் வலி ஏற்படுவது பலருக்கும் உள்ள துன்பம். தோளின் உச்சியிலுள்ள எலும்பு கீழேயுள்ள தசைநாரில் உரசுவதே இதற்குக் காரணம் என்று அமெரிக்க மருத்துவர் சார்லஸ் நீர் 1972இல் விளக்கி, அவ்வெலும்பின் அடிப்பகுதியைச் செதுக்கும் அறுவை முறையை வெளியிட்டார். விளக்கம் எளிமையாக இருந்தது, முறையும் பரவியது. பின்னர் நுண்துளை வழியே கருவி செலுத்தி இதனைச் செய்யத் தொடங்கினர். இங்கிலாந்தில் 2000ஆம் ஆண்டில் 2,523 பேருக்குச் செய்யப்பட்ட இச்சிகிச்சை, 2010இல் 21,355 பேருக்குச் செய்யப்பட்டது.

எலும்பைச் செதுக்கியதால்தான் வலி குறைந்ததா என்னும் கேள்விக்கு விடை காண, பிரிட்டனில் 32 மருத்துவமனைகளில் ஓர் ஆய்வு நடந்தது. 313 நோயாளிகள் சமவாய்ப்பு முறையில் மூன்று பிரிவாக்கப்பட்டனர். ஒரு பிரிவினருக்கு எலும்பு செதுக்கப்பட்டது. இரண்டாம் பிரிவினருக்குக் கருவி உள்ளே செலுத்தப்பட்டதே தவிர, எலும்பு செதுக்கப்படவில்லை. மூன்றாம் பிரிவினருக்கு அறுவையே இல்லை. ஆறு மாதங்களுக்குப் பின், 48க்குக் கணக்கிடப்படும் தோள் மதிப்பெண் முதற்பிரிவுக்கு 32.7, இரண்டாம் பிரிவுக்கு 34.2, மூன்றாம் பிரிவுக்கு 29.4. செதுக்கியதற்கும் செதுக்காததற்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. அறுவை செய்யாதவர்களோடு ஒப்பிட்டபோது தெரிந்த சிறு வேறுபாடும் நோயாளி உணர்ந்து பயன் பெறும் அளவினதன்று. இம்முடிவு 2017இல் 'லான்செட்' இதழில் வெளிவந்தது.

1972க்கும் 2017க்கும் இடையே 45 ஆண்டுகள். அதற்குள் எத்தனையோ ஆயிரம் தோள்கள் அறுவைக்கு உள்ளாகிவிட்டன. கேள்வியைக் காலத்தில் கேட்காமையால் விளையும் இழப்பு இத்தகையது. காலத்தில் கேட்பதற்கு முதற்கருவியாக அமைவதே சிறு நல்கை எனலாம்.

பணமும் கேள்வியும்

சிறு நல்கை விண்ணப்பத்தில் எழும் முதன்மையான இடர், சிறு தொகையைக் கேட்டுப் பெரிய கேள்விக்கு விடை தருவதாக வாக்களிப்பதாகும். அது ஏன் இயலாது என்பதை ஒரு கணக்கால் காட்டுகிறேன்.

இரண்டு சிகிச்சைகளை ஒப்பிடுவதாகக் கொள்வோம். தோள் மதிப்பெண்ணில் 5 புள்ளி வேறுபாட்டைக் கண்டறிய வேண்டும். மதிப்பெண்களின் திட்ட விலக்கம் 10 என்றும் கொள்வோம். வழக்கமான 5 விழுக்காட்டு மிகைகாண் நிலையும் 80 விழுக்காட்டுத் திறனும் வேண்டுமானால், ஒரு பிரிவுக்கு ஏறத்தாழ 64 பேர் தேவை. ஐவரில் ஒருவர் இடையில் நின்றுவிடுவார் என்று கருதினால் ஒரு பிரிவுக்கு 80. இரண்டுக்கும் சேர்த்து 160. கண்டறிய வேண்டிய வேறுபாடு 5இல் பாதியாக, அதாவது இரண்டரையாகக் குறைந்தால், தேவைப்படுவோர் பாதியாவதில்லை, நான்கு மடங்காகிறார்கள்.

இத்தனை பேரும் வருவார்களா? மேலே கூறிய பிரிட்டன் ஆய்வில் 313 பேரைச் சேர்க்க 32 மருத்துவமனைகளுக்கு 2012 செப்டம்பர் முதல் 2015 ஜூன் வரை ஆயிற்று. மருத்துவமனைக்குச் சராசரி 10 பேர்கூட இல்லை. மேற்கை எலும்பின் தோள்முனை முறிவுக்கு அறுவை வேண்டுமா என்று ஆராய்ந்து 2015இல் வெளிவந்த மற்றொரு பிரிட்டன் ஆய்விலும், 250 பேரைச் சேர்க்க 32 மருத்துவமனைகள் தேவைப்பட்டன. நிலைமை இவ்வாறிருக்க, ஒரே மருத்துவமனையில் ஓராண்டில் 160 பேரைச் சேர்ப்பேன் என்று எழுதும் விண்ணப்பத்தைத் தேர்வுக்குழு எப்படி நம்பும்?

எண்ணிக்கை போதாத ஆய்வு பயனற்றது என்பது மட்டுமன்று, அது முறையற்றதுமாகும். வலியோடு வந்த ஒருவர் தம் நேரத்தையும் நம்பிக்கையையும் தருகிறார். விடை கிடைக்க வழியில்லாத ஆய்வில் அவரைச் சேர்ப்பது அவருக்குச் செய்யும் அநீதி என்பதே என் கருத்து.

சிறு நல்கைக்கு ஏற்ற கேள்வி

அப்படியானால் சிறு தொகைக்குள் எதைக் கேட்கலாம்? பெரிய ஆய்வை நடத்த இயலுமா என்பதையே கேட்கலாம். இதற்கு இயலுமை ஆய்வு என்று பெயரிடலாம். தகுதியுள்ள நோயாளிகள் மாதத்துக்கு எத்தனை பேர் வருகிறார்கள்? விளக்கிச் சொன்னால் எத்தனை பேர் இசைகிறார்கள்? இசைந்தவர்களில் எத்தனை பேர் கடைசி வரை வருகிறார்கள்? 50 பேரிடம் கேட்டு 30 பேர் இசைந்தால், உண்மையான இசைவு விகிதம் ஏறத்தாழ 46 முதல் 74 விழுக்காட்டுக்குள் இருக்கலாம் என்று கூற முடியும். பெரிய ஆய்வைத் திட்டமிட இது மிகவும் உதவும்.

பிரிட்டனில் இந்த ஏணியைத் தெளிவாகக் காணலாம். முழங்கை, தோள் மருத்துவர்களின் சங்கம் தன் உறுப்பினர்களுக்குத் தொடக்க நல்கைகளை வழங்குகிறது. அங்குக் கிடைத்த முடிவுகளைக் கொண்டு அரசின் பெரிய ஆராய்ச்சி நிதிக்கு விண்ணப்பிக்கலாம். நம் நாட்டில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 1979இல் தொடங்கிய குறுகிய கால மாணவர் உதவித்தொகை, மருத்துவ மாணவர்கள் இரண்டு மாத அளவிலான ஆய்வைச் செய்து பழக வழி செய்தது.

விண்ணப்பத்தின் உறுப்புகள்

முதலாவது, கேள்வி. எந்த நோயாளிகள், எந்தச் சிகிச்சை, எதனோடு ஒப்பீடு, எந்த விளைவு என்னும் நான்கும் ஒரே வாக்கியத்தில் அடங்க வேண்டும். அக்கேள்வி நோயாளிக்கும் வேண்டியதுதானா என்பதையும் காட்ட வேண்டும். ஜேம்ஸ் லிண்ட் கூட்டமைப்பு என்னும் பிரிட்டன் அமைப்பின் வழியாக, நோயாளிகளும் மருத்துவர்களும் ஒன்றாக அமர்ந்து, தோள் அறுவை பற்றி விடை காண வேண்டிய முதல் 10 கேள்விகளை 2015இல் வரிசைப்படுத்தினர். இத்தகைய பட்டியலில் உள்ள கேள்விக்குத் தனி வலிமை உண்டு.

இரண்டாவது, அளவுகோல். மேலே குறித்த ஆக்ஸ்ஃபோர்டு தோள் மதிப்பெண் 1996இல் வெளியானது; 12 கேள்விகள் கொண்டது. உடை உடுத்துதல், தலை வாருதல், இரவில் வரும் வலி முதலியன அதில் கேட்கப்படுகின்றன. கத்தியையும் முள்கரண்டியையும் ஒரே நேரத்தில் பயன்படுத்த முடிகிறதா என்பதும் அவற்றுள் ஒன்று. கையால் பிசைந்து உண்ணும் நம் ஊர் மூதாட்டியிடம் இதனை எப்படிக் கேட்பது? சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் போதாது. உரிமையாளரின் அனுமதி பெற்று, இருவர் தனித்தனியே தமிழாக்கி, வேறொருவர் அதனை மீண்டும் ஆங்கிலமாக்கி, நோயாளிகளிடம் படித்துக்காட்டிச் சரிபார்க்க வேண்டும். இதுவே ஒரு சிறு நல்கைக்கு உரிய முழுமையான பணி. தமிழ்த்துறை நண்பர்களின் பங்கு இதுதான்.

மூன்றாவது, காலம். முழங்கையின் வெளிப்புறம் வலிக்கும் 'டென்னிஸ் எல்போ' நோய்க்கு ஸ்டீராய்டு ஊசி போடுவது வழக்கம். ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் 165 பேரிடம் நடந்து 2013இல் வெளியான ஆய்வில், ஊசி சில வாரங்களில் நல்ல பயன் தருவதுபோல் தோன்றிற்று. ஓராண்டு முடிவில் நிலைமை மாறிற்று. முழுதும் குணமானோர் அல்லது பெரிதும் தேறியோர், ஊசி போட்டவர்களில் 83 விழுக்காடு. போலி ஊசி பெற்றவர்களில் 96 விழுக்காடு. நோய் திரும்பியோர் முறையே 54, 12 விழுக்காடு. இரண்டு மாதத்தோடு கணக்கை மூடியிருந்தால் தவறான மருந்தையே சிறந்ததென்று பறைசாற்றியிருப்போம். ஆகவே நல்கையின் காலம் குறுகியதாயின், நீண்டகாலப் பயனைப் பற்றி அதில் வாக்களிக்கலாகாது.

நான்காவது, நன்னெறி. நிறுவனத்தின் நன்னெறிக் குழு இசைவு தராமல் ஒரு நோயாளியையும் சேர்க்கக் கூடாது. இந்தியாவில் சிகிச்சை ஆய்வுகளைப் பதிவு செய்ய 2007இல் ஒரு தேசியப் பதிவேடு தொடங்கப்பட்டது. முதல் நோயாளி சேர்வதற்கு முன்பே அதில் பதிய வேண்டும். முடிவைப் பார்த்துவிட்டுக் கேள்வியை மாற்றிக்கொள்ளாதிருக்க இது ஒரு காப்பு. இவ்விரண்டுக்கும் ஆகும் காலத்தை அட்டவணையில் ஒதுக்காத விண்ணப்பம் தொடக்கத்திலேயே பின்தங்கிவிடும்.

ஐந்தாவது, வரவு செலவு. பகுதிநேர உதவியாளரின் ஊதியம், நோயாளி மறுமுறை வருவதற்கான பேருந்துக் கட்டணம், அச்சுச் செலவு, தொலைபேசிச் செலவு என ஒவ்வொன்றும் கணக்கோடு இருக்க வேண்டும். 40 பேர், மூன்று முறை, ஒரு முறைக்கு இவ்வளவு ரூபாய் என்று பெருக்கிக் காட்டினால் குழுவுக்கு நம்பிக்கை பிறக்கும். 'இதர செலவு' என்ற தலைப்பில் பெருந்தொகை எழுதினால் ஐயம் பிறக்கும். நாள்கூலி வேலையை விட்டு வரும் நோயாளிக்குப் பேருந்துக் கட்டணம்கூடத் தராவிட்டால் அவர் திரும்ப வரமாட்டார். அவர் வராவிட்டால் ஆய்வே குறைபட்டுப் போகும்.

இறுதியாக, சுருக்கம். தேர்வுக்குழுவில் எல்லாரும் தோள் மருத்துவர்கள் அல்லர். துறை அறியாத ஒருவர் ஒருமுறை படித்தவுடன், என்ன கேள்வி, ஏன் இப்போது, இந்தத் தொகையில் எது முடியும், அடுத்து என்ன என்னும் நான்கையும் திருப்பிச் சொல்லும்படி அது அமைய வேண்டும்.

இக்கருத்துகள் தோளுக்கும் முழங்கைக்கும் மட்டும் உரியனவல்ல. நம் கல்லூரியில் எத்துறை மாணவரும் சிறு ஆய்வுத் திட்டத்துக்கு விண்ணப்பிக்கும்போது இவை பயன்படும். பெரும்பொருள் கிடைக்கட்டும் என்று காத்திருப்பதைவிட, கிடைக்கும் சிறு பொருளுக்கு அளவான கேள்வியைக் கேட்டு, அதற்கு நேர்மையான விடை கண்டு, அடுத்தவர் அதன்மேல் கட்டும்படி விட்டுச் செல்வதே ஆராய்ச்சிக்கு நாம் செய்யக்கூடிய தொண்டு.