மொட்டை மாடி மின்சாரம் – 7: மூன்று குழிகளும் ஒரு கம்பியும்

மூன்று கிலோவாட் சோலார் போட்ட வீட்டின் பக்கச் சந்தில் பெரும்பாலும் மூன்று எர்த் குழிகள் இருக்கும். பேனல் பக்கத்து டிசிக்கு ஒன்று, வீட்டுப் பக்கத்து ஏசிக்கு ஒன்று, இடிதாங்கிக்கு ஒன்று. மத்திய அரசின் சோலார் டெண்டர் விதிகளில் மூன்றும் தனித்தனி என்று எழுதியிருப்பதால் வந்த வழக்கம் இது. 2024 பிப்ரவரியில் பிரதமரின் சூரிய வீடு திட்டம் தொடங்கி, மூன்று கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் என்றான பிறகு இந்த வழக்கம் தெருவுக்குத் தெரு பரவிவிட்டது. அதே விதிகளில் இன்னொரு வரியும் உண்டு: எல்லா எர்த் முனைகளையும் ஒன்றோடொன்று இணைத்து ஒரே மின்னழுத்தத்தில் வைக்க வேண்டும். முதல் வரியை நிறைவேற்றுகிறவர்கள் இரண்டாவதை விட்டுவிடுகிறார்கள். குழி கண்ணுக்குத் தெரியும், எண்ணிவிடலாம். குழிக்குக் குழி மண்ணுக்கடியில் ஓடும் பட்டை தெரியாது. ஆனால் இணைக்காமல் விட்ட மூன்று குழிகளைவிட ஒரே ஒரு குழி மேல் என்பதே என் வாதம்.

கணக்குப் போட்டாலே விளங்கும். இடிதாங்கிக் குழியின் மின்தடை 5 ஓம், விதி அனுமதிக்கும் உச்ச அளவு. மின்னல் 10,000 ஆம்பியர் என்று குறைத்தே வைத்துக்கொள்வோம். சாதாரண மின்னலே 30,000 வரை வரும். பத்தாயிரத்தை ஐந்தால் பெருக்கினால் 50,000 வோல்ட். அந்தக் கணத்தில் இடிதாங்கிக் குழி 50,000 வோல்ட்டில் நிற்க, சற்றுத் தள்ளியிருக்கும் ஏசி குழி அதைவிட மிகக் கீழே நிற்கும். மேலே இடிதாங்கிக் கம்பியிலிருந்து பேனல் ஃபிரேமுக்குப் பொறி தாவினால், ஃபிரேம் ஒரு அழுத்தத்திலும் இன்வெர்ட்டரின் உடல் இன்னொரு அழுத்தத்திலும் இருக்கும். இரண்டுக்கும் நடுவில் இருப்பது இன்வெர்ட்டரின் மின்காப்பு. 230 வோல்ட் இணைப்பில் நிரந்தரமாகப் பொருத்தும் கருவிகள் தாங்க வேண்டிய திடீர் அழுத்தம் 4,000 வோல்ட் அளவுதான். குழிகளை இணைத்துவிட்டால் எல்லாம் சேர்ந்தே உயரும், சேர்ந்தே இறங்கும். வித்தியாசம் பெருமளவு குறையும். கம்பத்திலிருந்து வரும் ஃபேஸும் நியூட்ரலும் மட்டும் அப்போதும் கீழே நிற்கும். எஸ்பிடி என்ற சிறு பெட்டி வைப்பது அதற்காகத்தான்.

“கரியும் உப்பும் நிறையப் போட்டு ஓமைக் குறைத்தால் போதாதா?” என்று கேட்கலாம். 1 ஓம் கிடைத்தாலும் அதே மின்னலுக்கு 10,000 வோல்ட் நிற்கும். தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பாறை நிலத்தில் 5 ஓம் கிடைப்பதே பாடு. மின்னலை விடுங்கள், அன்றாடப் பழுதுக்கும் குழி மட்டும் உதவாது. ஃபேஸ் கம்பி ஃபிரேமில் உரசி, மின்சாரம் 5 ஓம் குழி வழியாகத் திரும்ப வேண்டுமென்றால் அதிகம் போனால் 46 ஆம்பியர் ஓடும். 32 ஆம்பியர் எம்சிபி அதைப் பார்த்து உடனே விழாது. ஒரு மணி நேரம்கூடப் பொறுத்துக்கொண்டிருக்கும். அங்கே காப்பாற்றுவது, எர்த்துக்குக் கசியும் மின்சாரத்தைக் கண்டு இணைப்பைத் துண்டிக்கும் ஆர்சிசிபி. டிசி பக்கமோ இன்னும் விசித்திரம். 540 வாட் பேனல் நல்ல வெயிலில் தரும் மின்னோட்டம் சுமார் 13 ஆம்பியர். இரு முனைகளையும் நேராகச் சேர்த்தாலும் 14ஐத் தாண்டாது. பழுதுக்கும் வேலைக்கும் ஒரு ஆம்பியர்தான் வித்தியாசம் என்றால் ஃபியூஸ் எதைப் பார்த்து உருகும்? அதனால்தான் இன்வெர்ட்டர் காலையில் இயங்கத் தொடங்குமுன் டிசி கம்பிகளுக்கும் எர்த்துக்கும் இடையிலான மின்காப்பை அளந்து, குறைந்திருந்தால் பிழை காட்டி நின்றுவிடுகிறது. ஃபிரேமும் இன்வெர்ட்டரும் ஒரே எர்த்தில் இருந்தால்தான் இந்த அளவை நம்பலாம்.

பழைய எலக்ட்ரீஷியன்கள் சொல்லும் மறுப்புதான் வலுவானது: “சேர்த்தால் இடி வீட்டுக்குள் வந்துவிடும்.” இதில் பாதி உண்மை. இடிதாங்கியின் இறங்கு கம்பி டிசி கேபிளை ஒட்டி இறங்கக் கூடாது. தனிச் சுவரில், வளைவில்லாமல், தன் குழிக்கு நேரே போக வேண்டும். மின்னல் வேகத்துக்கு நேர்கம்பியே தடை: மீட்டருக்குச் சுமார் 1 மைக்ரோஹென்றி. அதனால்தான் தனிக் குழி. ஆனால் பாதை தனியாக இருப்பது வேறு, பூமியே தனி என்று நினைப்பது வேறு. இணைப்பு தரைமட்டத்தில், குழிக்குக் குழி குறுகிய பட்டையில் இருக்க வேண்டும். மின்னல் காப்புக்கான ஐஇசி 62305 தரமும் கட்டடத்துக்கு ஒரே ஒருங்கிணைந்த எர்த்தே நல்லது என்கிறது. அமெரிக்க மின் விதி இதில் தடுமாறியது வேடிக்கைதான்: பேனலுக்கென்று கூடுதல் எர்த் தண்டு வேண்டும் என்று 2008இல் சேர்த்தார்கள், 2011இல் எடுத்தார்கள், 2014இல் திரும்ப வைத்தார்கள், 2017இல் விருப்பம்போல் என்று விட்டார்கள். தள்ளி நிற்கும் தண்டு மின்னலின்போது அழுத்த வித்தியாசத்தைத் தானே வீட்டுக்குள் கொண்டுவரும் என்பது அங்கே எழுந்த முக்கிய எதிர்ப்பு.

கீழே ஒழுங்காக இணைத்தும் மேலே கோட்டை விடும் இடம் ஒன்று உண்டு. பேனல் ஃபிரேம் அலுமினியம். அதன் மேல் அனோடைஸ் பூச்சு. அந்தப் பூச்சு மின்சாரத்தைக் கடத்தாது. கிளாம்ப் போட்டு முறுக்கியதால் ஃபிரேம் தானாக எர்த் ஆகிவிடும் என்று நம்பக் கூடாது. ஃபிரேமில் எர்த் குறியிட்ட துளை இருக்கும். அங்கே பல் வாஷர் பூச்சைக் கீறி உலோகத்தில் பதிய வேண்டும். கம்பி முனையில் மாட்டும் லக், வெள்ளீயம் பூசிய தாமிரமாக இருக்கட்டும். வெறும் தாமிரம் அலுமினியத்தில் பட்டால் நாகப்பட்டினம் உப்புக் காற்றில் அரிப்பு சீக்கிரம் பிடிக்கும். ஒரு பேனலிலிருந்து அடுத்ததற்குக் கம்பி தாவும்போது, நடுவில் ஒன்றைக் கழற்றினால் மற்றவற்றின் எர்த் அறுந்துபோகாதபடி கட்ட வேண்டும். இன்வெர்ட்டரின் எர்த் முனையிலிருந்து கடைசிப் பேனலின் ஃபிரேம்வரை மல்டிமீட்டர் வைத்தால் 1 ஓமுக்குக் கீழே காட்ட வேண்டும். மீட்டரின் முனையைப் பூச்சின் மேல் வைத்தால் எதுவும் காட்டாது. கீறிய இடத்தில் வைக்கச் சொல்லுங்கள். வேலை முடிந்து பணம் கொடுக்குமுன் இதைக் கேட்டு வாங்குவது எளிது.