காபி போடுவதைப் பார்க்க வரும் சிகிச்சையாளர்

குளியலறைச் சுவரில் துண்டு போடுவதற்கென்று ஒரு கம்பி இருக்கும். சின்னச் சின்னத் திருகாணிகளில் நிற்கிற கம்பி. ஈரத் துண்டின் கனத்தைத் தாங்கினால் போதும் என்றுதான் அதைச் செய்கிறார்கள். எழுபதைத் தாண்டியவர்கள் இருக்கும் வீட்டில் அந்தக் கம்பியைக் கொஞ்சம் ஆட்டிப் பாருங்கள். பல வீடுகளில் ஒரு முனை தளர்ந்திருக்கும், திருகாணியைச் சுற்றிச் சுண்ணாம்பு உதிர்ந்திருக்கும். யாரோ தினமும் அதைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்திருக்கிறார்கள்.

முதியோர் வீட்டுப் பாதுகாப்புக்காக வரும் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் இந்த மாதிரித் தடயங்களைத் தேடுவார். கதவு நிலையில் இடுப்புக்குச் சற்று மேலே கறுத்துப்போன ஒரு திட்டு, ஃப்ரிட்ஜின் பக்கவாட்டில் கைப்பிசுக்கு, சாப்பாட்டு மேஜையின் ஒரு மூலையில் மட்டும் போய்விட்ட பாலிஷ். இவற்றைச் சேர்த்துப் பார்த்தால், படுக்கையிலிருந்து பாத்ரூம்வரை அந்த வீட்டுப் பெரியவர் எதையெல்லாம் பிடித்துக்கொண்டு போகிறார் என்பது தெரிந்துவிடும். கேட்டால், "எனக்கென்ன, நல்லாத்தான் நடக்கறேன்" என்பார். பொய் சொல்லவில்லை. பிடித்துக்கொள்வது அவருக்கே தெரிவதில்லை.

பிசியோதெரபி நம் ஊரில் எல்லோருக்கும் தெரியும். முட்டி எவ்வளவு மடங்குகிறது, தொடைத் தசைக்கு எவ்வளவு வலு இருக்கிறது என்று பார்த்து அவற்றைக் கூட்டுவது அந்தத் துறை. ஆக்குபேஷனல் தெரபி அங்கிருந்து ஓர் அடி தள்ளி நின்று வேறு கேள்வி கேட்கிறது: அதே முட்டியை வைத்துக்கொண்டு இவர் கழிவறைக்குப் போய்வர முடிகிறதா? குளித்து, உடுத்தி, சமைத்து, சாமி கும்பிட்டு, பேரனுக்குப் போன் போட முடிகிறதா? முடியாவிட்டால் மூன்று இடங்களில் கை வைக்கலாம். ஆளின் பழக்கத்தை மாற்றலாம், வேலையைச் செய்யும் முறையை மாற்றலாம், இடத்தையே மாற்றலாம். பெரும்பாலும் மூன்றிலும் கொஞ்சம் கொஞ்சம்.

துறை ஒன்றும் புதிதல்ல. அமெரிக்காவில் இதற்கான சங்கம் 1917இல், முதல் உலகப் போர்க் காலத்தில் தொடங்கியது. இந்தியாவுக்குக் கொண்டுவந்தவர் கமலா நிம்ப்கர். அமெரிக்காவில் பிறந்து, இந்தியரை மணந்து இங்கே தங்கிவிட்டவர். மும்பை கே.இ.எம். மருத்துவமனையில் 1950இல் இதற்கென ஒரு பள்ளியைத் தொடங்கினார். தமிழ்நாட்டில் இந்தக் கதை டாக்டர் மேரி வர்கீஸோடு சேர்ந்தது. வேலூர் சி.எம்.சி.யில் பணியாற்றிய அவர், 1954இல் நடந்த சாலை விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே அறுவை சிகிச்சை செய்தார். பிறகு நியூயார்க் சென்று மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பினார். 1966இல் வேலூரில் மறுவாழ்வு மையம் எழுந்தது அவர் முயற்சியால்தான். முதுகெலும்பு முறிந்தவர்கள் ஊருக்குத் திரும்பி எப்படிப் பிழைப்பார்கள் என்ற கவலையோடு இங்கே வளர்ந்த வித்தை, இன்று முட்டி தேய்ந்த பாட்டிக்கும் உதவுகிறது.

கோவையில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். அம்மாவுக்கு 76 வயது. சர்க்கரை, முட்டித் தேய்மானம். சில மாதங்களுக்கு முன் பாத்ரூமில் வழுக்கி, மணிக்கட்டில் மாவுக்கட்டு போட்டு, இப்போது பிரித்தாயிற்று. மகன் ஒரு வாக்கர் வாங்கித் தந்திருக்கிறார். அது அறை மூலையில் நிற்கிறது, மேலே துணி காய்கிறது.

தெரபிஸ்ட் வந்து உட்கார்ந்ததும் ரத்த அழுத்தம் பார்ப்பார் என்று அம்மா கையை நீட்டுகிறார். தெரபிஸ்ட்டோ, "எனக்கு ஒரு காபி போட்டுத் தர்றீங்களாம்மா?" என்கிறார். "அதுக்கென்ன கண்ணு" என்று எழுகிறார் அம்மா. சோதனை அங்கேயே தொடங்கிவிட்டது.

சோபா தாழ்வானது, எழ மூன்று முறை உந்த வேண்டியிருக்கிறது. உட்காரும் இடம் முட்டியின் உயரத்துக்குக் கீழே போகப்போக, எழுவதற்குத் தொடைத் தசை கொடுக்க வேண்டிய விசை கூடிக்கொண்டே போகும். அடுக்களையில் பால் பாக்கெட் ஃப்ரிட்ஜின் அடித்தட்டில் இருக்கிறது, குனிகிறார். காபித்தூள் டப்பா மேல் அலமாரியில். ஒரு முக்காலியை இழுத்து ஏறப்போகிறவரை தெரபிஸ்ட் மெல்லத் தடுக்கிறார். டம்ளர் டவராவை ஒரு கையில் ஏந்தி, மறு கையால் சுவரைத் தடவிக்கொண்டே கூடத்துக்கு வருகிறார். வாக்கர் ஏன் மூலையில் நிற்கிறது என்பதற்கு விடை இதுதான். வாக்கருக்கு இரண்டு கையும் வேண்டும். காபியை எந்தக் கையில் கொண்டுவருவது? மகனுக்கு இது பிடிவாதமாகத் தெரிந்தது. அம்மாவின் கணக்கு சரியாகத்தான் இருக்கிறது.

இதற்குத் தீர்வு எளிது, செலவும் அதிகமில்லை. டப்பாக்களை இடுப்புக்கும் தோளுக்கும் இடைப்பட்ட தட்டுக்கு இறக்கிவிடுவது. அடுக்களையிலேயே கைப்பிடி உள்ள ஒரு நாற்காலி போட்டு, காபியை அங்கேயே குடிப்பது. காய் நறுக்குவதும் அதே நாற்காலியில்தான். சோபாவை ஒதுக்கிவிட்டு உயரமான நாற்காலி. எழும்போது பாதங்களைப் பின்னே இழுத்து, மூக்கு கால்விரலுக்கு நேர்மேலே வரும்வரை முன்னே சாய்ந்து எழப் பழக்குவது. உடம்பின் கனம் பாதத்துக்கு மேலே வந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

அடுத்து, "ராத்திரி எந்திரிச்சு பாத்ரூம் எப்படிப் போவீங்கன்னு ஒருக்கா செஞ்சு காட்டுங்கம்மா." ஜன்னலைச் சாத்தி, விளக்கை அணைத்துவிட்டுச் செய்யச் சொல்வார். சிரித்துக்கொண்டேதான் அம்மா படுக்கிறார். எழுந்ததும் நடக்கத் தொடங்குகிறார். படுத்திருந்து சட்டென்று நிற்கும்போது சிலருக்கு ரத்த அழுத்தம் இறங்கிக் கண் இருளும். சர்க்கரை நோயாளிகளிடமும், அழுத்த மாத்திரை சாப்பிடுபவர்களிடமும் இது அதிகம். கட்டில் விளிம்பில் ஓரிரு நிமிடம் உட்கார்ந்து, பாதத்தை மேலும் கீழும் ஆட்டிவிட்டு எழுவது நல்லது. தலைசுற்றல் தொடர்ந்தால் அது டாக்டரிடம் போக வேண்டிய விஷயம். மாத்திரையைக் கூட்டுவதும் குறைப்பதும் தெரபிஸ்ட்டின் வேலையல்ல.

விளக்குச் சுவிட்ச் அறையின் மறுகோடியில் இருக்கிறது. அதாவது இருட்டைக் கடந்துபோய்த்தான் வெளிச்சம் போட வேண்டும். வயதாக ஆகக் கண்ணின் பாவை சுருங்கும், லென்ஸ் மஞ்சளிக்கும். இருபது வயதுக்காரரின் விழித்திரைக்குப் போகும் வெளிச்சத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் அறுபது வயதுக்காரருக்குப் போகிறது. மகனுக்குப் போதுமான வெளிச்சம் அம்மாவுக்கு அரையிருட்டு. ஆள் நடமாட்டம் கண்டு தானே எரியும் சின்ன விளக்கு ஒன்றைக் கட்டிலருகிலும், இன்னொன்றைப் பாத்ரூம் வாசலிலும் வைத்தால் தீர்ந்தது.

பாத்ரூம் வாசலில் கால்மிதி, ஓரம் சுருண்டிருக்கிறது. தாண்டினால் தண்ணீர் வெளியே வராமல் தடுக்கும் சிறு மேடு, தரையின் அதே வெள்ளை நிறத்தில். பளிச்சென்ற நிறத்தில் ஒரு பட்டை ஒட்டினால் மேடு கண்ணுக்குத் தெரியும். உள்ளே வழுவழு டைல்ஸ், வாளியில் மொண்டு குளித்த ஈரம். கதவு உள்பக்கமாகத் திறப்பது. வயதானவர் உள்ளே விழுந்தால் அவர் உடம்பே கதவை அடைத்துக்கொள்ளும், வெளியிலிருந்து யாராலும் திறக்க முடியாது. கதவை வெளிப்பக்கம் திறக்கும்படி மாற்ற ஆசாரிக்கு அரைநாள் வேலை. அதுவரை உள்தாழ்ப்பாள் போடாமல் இருப்பது நல்லது. இதற்கு ஒப்புக்கொள்ளச் சிலருக்குக் கூச்சமாக இருக்கும். அப்படியானால் வெளியிலிருந்தும் திறக்கக்கூடிய பூட்டு இருக்கிறது.

கைப்பிடிக் கம்பியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில்தான் காசு அதிகம் வீணாகிறது. ஆளின் கனத்தைத் தாங்கும் கம்பியைச் சுவருக்குள் ஆழமாக ஆங்கர் போல்ட் இறக்கிப் பொருத்த வேண்டும். பிளாஸ்டிக் கப் வைத்து டைல்ஸில் ஒட்டும் கைப்பிடிகள் ஆன்லைனில் மலிவாக வருகின்றன. கனம் முழுவதையும் போட்டால் அவை எந்த நேரத்திலும் கழன்றுவிடும். என்னைக் கேட்டால், ஒன்றும் இல்லாத சுவரைவிட அது ஆபத்து. வெறும் சுவரை யாரும் நம்பித் தொங்கமாட்டார்கள். கம்பியை எந்தப் பக்கம் வைப்பது என்பது அடுத்த சிக்கல். பக்கவாதத்தில் இடது கை விழுந்தவருக்கு வலப்பக்கம் கம்பி வேண்டும். ஆனால் உள்ளே போகும்போது வலப்பக்கம் இருக்கும் கம்பி, திரும்பி வரும்போது இடப்பக்கம் ஆகிவிடும். அவருக்கு ஒரு வாசலுக்கு இரண்டு கம்பி. உயரத்தைப் புத்தகம் பார்த்து முடிவு செய்வதைவிட, பெரியவரையே கமோடில் உட்கார்ந்து எழச் சொல்லி, கை தானாகப் போகும் இடத்தில் சுவரில் பென்சிலால் குறித்துக்கொள்வது மேல்.

இதற்கெல்லாம் ஒரு தெரபிஸ்ட் எதற்கு, ஒரு பட்டியல் கொடுத்தால் நாமே சரிபார்த்துக்கொள்ள மாட்டோமா என்று தோன்றும். இதை இங்கிலாந்தில் சோதித்தே பார்த்துவிட்டார்கள். முந்தைய ஓராண்டில் விழுந்திருந்த, எழுபது வயதைத் தாண்டிய 238 பேரை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவின் வீட்டுக்கு ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் போனார். இன்னொரு குழுவுக்கு, வீட்டை மதிப்பிடப் பயிற்சி மட்டும் பெற்ற பணியாளர் போனார். மூன்றாவது குழுவுக்கு வழக்கமான கவனிப்பு. 2011இல் வெளிவந்த முடிவு: தெரபிஸ்ட் போன வீடுகளில் விழுவது ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. பயிற்சி பெற்ற பணியாளர் போன வீடுகளில் சொல்லிக்கொள்ளும்படி மாற்றமில்லை.

இன்னும் சுவாரசியமானது 1999இல் சிட்னியில் 530 பேரிடம் நடந்த ஆய்வு. ஏற்கெனவே ஒருமுறை விழுந்தவர்களிடம், தெரபிஸ்ட் வந்துபோன பிறகு விழுவது மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தது. ஆனால் வீட்டுக்குள் விழுவது மட்டுமல்ல, வெளியே விழுவதும் குறைந்திருந்தது. வீட்டில் கால்மிதியை எடுத்ததால் தெருவில் எப்படி விழாமல் இருப்பார்கள்? மாறியது கால்மிதி மட்டும் இல்லை, நடப்பவரின் கவனமும்தான் என்று ஆய்வாளர்கள் கருதினார்கள். 2023இல் வந்த காக்ரேன் தொகுப்பாய்வும் இதற்கு ஒத்துப்போகிறது. விழும் அபாயம் அதிகமுள்ளவர்களின் வீட்டில் இடர்களைக் களைந்தால் விழுவது 38 விழுக்காடு குறைகிறது. நன்றாக நடமாடும், இதுவரை விழாத ஒருவரின் வீட்டில் செய்தால் பெரிய பலன் தெரியவில்லை. அறுபது நிறைந்த எல்லோர் வீட்டிலும் கம்பி பதிக்கக் கிளம்ப வேண்டியதில்லை என்று அர்த்தம்.

அமெரிக்காவின் பால்டிமோரில் நர்ஸ் சேரா சான்டன் உருவாக்கிய 'கேபபிள்' திட்டம் இந்தச் சிந்தனையை ஒரு படி மேலே கொண்டுபோனது. ஒரு வீட்டுக்கு மூன்று பேர் போகிறார்கள்: தெரபிஸ்ட், நர்ஸ், சின்னச் சின்ன ரிப்பேர் செய்யும் மேஸ்திரி. எதை முதலில் சரிசெய்வது என்பதைப் பெரியவரே முடிவு செய்கிறார். மாடிக்கு ஏறிச் சொந்தப் படுக்கையில் தூங்க வேண்டும் என்று ஒருவர் கேட்டால், மாடிப்படிக்கு இரண்டாவது கைப்பிடி.

நம் வீடுகளில் தவறுவது இந்த இடத்தில்தான். அம்மா விழுந்துவிட்டார் என்றதும் பிள்ளைகள் அவருடைய வேலைகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொள்கிறார்கள். "சும்மா உக்காருங்கம்மா, நாங்க பாத்துக்கறோம்." பாசம்தான், சந்தேகமில்லை. ஆனால் உட்கார்ந்தே இருக்கும் கால் சில வாரங்களில் வலுவிழக்கும். விழுந்துவிடுவோமோ என்ற பயம் நடையைக் குறைக்கும், குறைந்த நடை தசையைக் கரைக்கும், கரைந்த தசை மறுபடி விழச் செய்யும். கோவை அம்மாவிடம் தெரபிஸ்ட் கேட்டது, "எதை விட்டுக்கொடுக்கவே மாட்டீங்க?" பதில் உடனே வந்தது: சாயங்காலம் தரையில் உட்கார்ந்து விளக்கேற்றுவது. மகன் அதை ஏற்கெனவே நிறுத்தியிருந்தார். தெரபிஸ்ட் பூஜைப் படங்களை நாற்காலி உயரத்துக்கு ஏற்றச் சொன்னார். தரையில் உட்காரும் ஆசையை மட்டும் அம்மா விடவில்லை. சரி, எழுவதற்காவது கற்றுக்கொள்ளுங்கள் என்று கட்டிலருகில் பாய் விரித்துப் பயிற்சி தொடங்கியது.

இந்தப் பயிற்சி வயதான எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். விழுந்தவுடன் பதறி எழக் கூடாது, அடி எங்கே என்று முதலில் பார்க்க வேண்டும். இடுப்பிலோ தொடையிலோ கடும் வலி இருந்தால் அசையாமல் உதவிக்கு அழைக்க வேண்டும். வலி இல்லையென்றால் ஒருக்களித்து, முழங்கையை ஊன்றி, பிறகு குழந்தைபோல் நாலுகாலில் வந்து, அசையாத நாற்காலிவரை தவழ வேண்டும். கைகளை இருக்கையில் ஊன்றி, வலுவான காலை முன்னே வைத்து எழுந்து, திரும்பி உட்கார வேண்டும். முட்டி தாளாதவர்கள் பாயைத் தடிமனாக மடித்து முட்டிக்கு அடியில் வைத்துக்கொள்ளலாம். எழவே முடியாமல் தரையில் மணிக்கணக்கில் கிடப்பது அடியைவிடப் பெரிய தீங்கு செய்யும். அதனால் போனை மேஜைமேல் வைக்காமல் கழுத்தில் மாட்டியோ, சட்டைப் பையில் வைத்தோ இருப்பது நல்லது.

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை மருத்துவர்கள், அதாவது பிசியோதெரபிஸ்ட்கள், வீடு தேடி வருகிறார்கள். ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்டைக் காண, பெரிய மருத்துவமனைகளின் மறுவாழ்வுப் பிரிவுக்கே போக வேண்டியிருக்கும். பக்கவாதமோ இடுப்பெலும்பு முறிவோ வந்து டிஸ்சார்ஜ் ஆகும் நாளில் டாக்டரிடம் கேட்டு அதற்கான பரிந்துரையை எழுதி வாங்கிக்கொள்வது சுலபம். தெரபிஸ்ட்டால் வீட்டுக்கு வர முடியாது என்றால் வீட்டைக் கையோடு கொண்டுபோகலாம்: கட்டில், நாற்காலி, கமோடு இவற்றின் உயரம், பாத்ரூம் கதவின் அகலம், பெரியவரின் முட்டி உயரம், இவற்றை டேப்பில் அளந்து ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். படுக்கையிலிருந்து பாத்ரூம்வரை அவர் நடப்பதைப் போனில் வீடியோ எடுங்கள். எடுப்பதற்கு முன் தரையைத் துடைக்கவோ, இறைந்து கிடப்பதை ஒதுங்க வைக்கவோ வேண்டாம். கால்மிதியும் மூலையில் நிற்கும் வாக்கரும் இருந்தபடியே வரட்டும்.