சில்வியாவை எடைபோட்ட நிலவுகள்

1866 மே 16. நுங்கம்பாக்கத்தில் இருந்த மதராஸ் வானாய்வகத்தில் நார்மன் போக்சன் ஒரு மங்கலான புள்ளியைக் கண்டார். விண்மீனாக இருந்தால் பக்கத்து விண்மீன்களை விட்டு விலகியிருக்காது. இது விலகியது. சூரியனைச் சுற்றும் சிறுகோள்களின் பட்டியலில் 87-ஆவதாக அது இடம்பெற்றது. ரோம் நகரை உருவாக்கியதாகச் சொல்லப்படும் இரட்டையர் ரோமுலஸ், ரீமஸ் ஆகியோரின் தாய் ரீயா சில்வியா. அவளை நினைத்துப் போக்சன் அதற்குச் சில்வியா என்று பெயர் வைத்தார்.

அன்றைக்குச் சிறுகோள் தேடுவது என்றால் விண்மீன் வரைபடத்தை விரித்துக்கொண்டு, அதில் இல்லாத புள்ளி ஏதாவது தெரிகிறதா என்று வானத்தைத் துண்டு துண்டாகத் துழாவுவதுதான். தெரிந்தால், அடுத்தடுத்த இரவுகளில் அது இடம் மாறுகிறதா என்று காத்திருக்க வேண்டும். புகைப்படத்தின் உதவியால் ஒரு சிறுகோள் முதன்முதலாகப் பிடிபட்டது 1891-இல்தான். போக்சன் இறந்ததும் அதே ஆண்டில். மதராஸில் கழித்த முப்பது ஆண்டுகளில் அவர் கண்டுபிடித்தவை ஐந்து சிறுகோள்கள். அவற்றில் முதலாவதான 67 ஏசியா, ஆசியக் கண்டத்திலிருந்தே கண்டுபிடிக்கப்பட்ட முதல் சிறுகோள். சென்னையில் வளரும் ஒவ்வொரு பிள்ளைக்கும் இது தெரிந்திருக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையே உள்ள சிறுகோள் பட்டையின் வெளி விளிம்பில் சில்வியா இருக்கிறது. சூரியனிலிருந்து சராசரியாக 52 கோடி கிலோமீட்டர் தொலைவு, அதாவது பூமி இருக்கும் தொலைவைப் போல மூன்றரை மடங்கு. ஒரு சுற்றை முடிக்க ஆறரை ஆண்டுகள் ஆகும். தன்னைத்தானே சுற்றிக்கொள்வதில் மட்டும் அதற்கு அவசரம் அதிகம்: ஒரு சுழற்சிக்கு 5 மணி 11 நிமிடங்களே. சராசரி விட்டம் ஏறத்தாழ 270 கிலோமீட்டர். ஆனால் உருண்டை அல்ல, நன்றாக நீண்ட வடிவம். பரப்போ கரிய நிறம், தன்மேல் விழும் ஒளியில் மிகச் சிறு பங்கையே திருப்பி அனுப்புகிறது.

இவ்வளவு தெரிந்தும், உள்ளே என்ன இருக்கிறது என்பது நெடுங்காலம் தெரியவில்லை. அதற்கு அடர்த்தி தெரிய வேண்டும். அடர்த்திக்கு நிறை தெரிய வேண்டும். தொலைவில் மிதக்கும் ஒரு பாறையை எந்தத் தராசில் வைப்பது? அதன் ஈர்ப்புக்குக் கட்டுப்பட்டு இன்னொரு பொருள் அருகில் நகர்ந்தால்தான் வழி பிறக்கும்.

அந்தப் பொருள் 2001 பிப்ரவரியில் கிடைத்தது. ஹவாய்த் தீவின் மௌனா கியா மலையில் உள்ள கெக் தொலைநோக்கி வழியாக மைக்கேல் பிரவுனும் ஜான்-லுக் மார்கோவும் சில்வியாவுக்கு ஒரு நிலவு இருப்பதைக் கண்டார்கள். காற்றின் நடுக்கத்தால் படம் கலங்குவதை, கண்ணாடியின் வடிவத்தை நொடிக்கு நொடி மாற்றிச் சரிசெய்யும் நுட்பம் அப்போது கைக்கு வந்திருந்தது. 2004-இல் சிலி நாட்டிலுள்ள மாபெரும் தொலைநோக்கி ஒன்று எடுத்த படங்களில் ஃபிராங்க் மார்ச்சிஸ் குழுவினர் இரண்டாவது நிலவையும் கண்டுபிடித்தனர். இரண்டு நிலவுகள் கொண்டதாக அறியப்பட்ட முதல் சிறுகோள் சில்வியாதான். நிலவுகளுக்கு என்ன பெயர் வைப்பது என்று யாரும் தேடி அலைய வேண்டியிருக்கவில்லை. போக்சன் தாயின் பெயரை முன்பே வைத்துவிட்டார்.

வெளியே உள்ள ரோமுலஸ் சில்வியாவின் மையத்திலிருந்து சுமார் 1,356 கிலோமீட்டர் தொலைவில், 3.65 நாளுக்கு ஒருமுறை சுற்றுகிறது. இந்த இரண்டு எண்களும் போதும். கெப்ளரின் மூன்றாம் விதியை நியூட்டனின் ஈர்ப்பு விதியோடு சேர்த்தால் சில்வியாவின் நிறை வந்துவிடும்: பூமியின் நிறையில் ஏறக்குறைய நான்கு லட்சத்தில் ஒரு பங்கு. அதைக் கன அளவால் வகுத்தபோது கிடைத்தது தண்ணீரைவிடச் சற்றே கூடுதலான அடர்த்தி, 1.2 முதல் 1.4 மடங்குக்குள். சாதாரணப் பாறை தண்ணீரைப் போல இரண்டரை, மூன்று மடங்கு கனமானது. அப்படியானால் சில்வியா ஒரே பாறையாக இருக்க முடியாது. லாரியிலிருந்து கொட்டிய ஜல்லிக் குவியலில் கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே இடைவெளி இருப்பதுபோல, உள்ளே பெருமளவு வெற்றிடம் இருக்க வேண்டும், பனியும் கலந்திருக்கலாம். முன்னொரு காலத்தில் ஒரு பெரிய விண்பொருள் மோதலில் சிதற, சிதறிய துண்டுகள் தம் ஈர்ப்பாலேயே மறுபடி ஒன்றுகூடின, கூடாமல் மிஞ்சியவை நிலவுகளாயின என்பது 2005-இல் முன்வைக்கப்பட்ட விளக்கம்.

நிலவுகள் அதோடு நிற்கவில்லை. சில்வியா முழுவதும் ஒரே சீரான குவியல் என்றால், அதன் நீண்ட வடிவத்துக்கு ஏற்ப ஈர்ப்பும் கோணலாகி, நிலவுகளின் பாதைகள் மெல்லத் திரும்பிக்கொண்டே இருக்க வேண்டும். பல ஆண்டுப் படங்களை ஒன்றுசேர்த்து அளந்தபோது எதிர்பார்த்த அளவு திருப்பம் தென்படவில்லை. நடுவில் உருண்டையான ஒரு பொருள் இருந்து இழுப்பதைப் போலவே நிலவுகள் ஓடின. 2021-இல் வெளியான ஆய்வு இதற்கு ஒரு காரணத்தை முன்வைத்தது. வெளிப்புறம் துளைகள் மிகுந்த லேசான அடுக்கு, உள்ளே அடர்ந்த உருண்டையான கரு. நீண்டகாலக் கதிரியக்கத் தனிமங்கள் வெளியிட்ட சூட்டில் ஆழத்திலிருந்த பனி உருகி, நீர் பாறைத் துகள்களுக்கிடையே கசிந்து, உட்பகுதி இறுகியிருக்கும் என்று அந்த ஆய்வின் கணிப்பு சொல்கிறது.