ஒரு நூல் முன்னே, ஒரு நூல் பின்னே

கோலார் தங்கவயலில் சுரங்கங்கள் 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்டன. இரும்போடு பழகிய கைகள் ஊரில் மிஞ்சின. சுரங்கத்து ஃபிட்டர்களும், 1964-இல் தொடங்கிய பெமல் நிறுவனத்தின் ஆலையில் புல்டோசர் செய்தவர்களும் வாழும் ஊர் அது. அங்கே கொட்டகையில் பல வருடம் கிடந்த பழைய மகிந்திரா பெட்ரோல் ஜீப் வந்தால், தேர்ந்த மெக்கானிக் சாவியைத் தொடமாட்டார். முதலில் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றுவார்.

காரணம் அழகானது. நான்கு சிலிண்டர்களில் ஒன்று காற்றும் பெட்ரோலும் கலந்த கலவையை இழுக்கும், ஒன்று அழுத்தும், ஒன்று எரிக்கும், ஒன்று புகையைத் தள்ளும். என்ஜின் எங்கே நின்றாலும், இழுப்பதிலும் தள்ளுவதிலும் பெரும்பாலும் வால்வு திறந்தே நிற்கும். சைலன்சர் குழாய் வழியாக ஒவ்வொரு மழைக்காலத்து ஈரமும் அந்த வாசலுக்கு வந்து சேரும். அதனால்தான் ஒரே என்ஜினில் இரண்டு சிலிண்டர் பளபளக்க, பக்கத்திலிருப்பவை துருவேறிக் கிடக்கின்றன.

பிஸ்டனுக்கும் சிலிண்டர் சுவருக்கும் நடுவே இருப்பது ஒரு தலைமுடி கனத்துச் சந்து. துருவோ, தான் தின்ற இரும்பைவிட அதிக இடம் அடைப்பது. அந்தச் சந்தில் அது வீங்கினால் என்ஜின் ஜாம். பலவந்தமாகச் சுற்றினால் பிஸ்டன் ரிங் ஒடியும். ஆகவே பிளக் ஓட்டையில் டீசலும் ஆயிலும் ஊற்றிச் சில நாள் ஊறவிடுவார்கள். பிறகு ஹேண்டிலை மாட்டி ஒரு நூல் முன்னே, ஒரு நூல் பின்னே. முழுச் சுற்று வந்த பின்னும் அவசரம் கூடாது. காய்ந்த பேரிங்குகளுக்கு ஆயில் ஏறும்வரை கையால்தான் சுற்ற வேண்டும்.

அடுத்து பெட்ரோல். அதன் லேசான பகுதி ஆவியாகிவிட, மிஞ்சியது பிசினாகிக் கார்புரேட்டரின் நுண்துளைகளை அடைத்திருக்கும்.

பொறி பிறக்கும் விதம் எனக்கு எப்போதும் வியப்பு. டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் ‘பாயிண்ட்’ இரண்டு உலோக முனைகள்தான். அவை சேரும்போது பொறி வராது, பிரியும்போதுதான் வரும். மின்னோட்டம் சட்டென்று அறுபடும் அந்தக் கணத்தில், 12 வோல்ட் பேட்டரியை நம்பியிருக்கும் காயில் ஆயிரக்கணக்கான வோல்ட்டை எழுப்புகிறது. நிமிடத்துக்கு 2,000 சுற்று என்றால் 4,000 பொறி. முனைகளில் மெல்லிய களிம்பு படிந்தாலே போதும், ஒன்றும் பிறக்காது. உப்புத்தாளால் தேய்த்துவிட்டால் உயிர் வந்துவிடும்.

என்ஜின் ஓடியதும் நான்கு சக்கர இழுவையைச் சோதிக்கலாம், ஆனால் தார்ச்சாலையில் அல்ல. வளைவில் முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிட நீண்ட பாதையில் போகும். பழைய ஜீப்பிலோ லிவரைப் போட்டதும் முன் அச்சும் பின் அச்சும் ஒரே வேகத்துக்குப் பூட்டப்படுகின்றன. அந்த வித்தியாசத்தைச் சக்கரம் வழுக்கித்தான் தீர்க்க வேண்டும். தார் வழுக்கவிடாது, கியர்கள் முறுகும், செம்மண் விட்டுக்கொடுக்கும்.