இளவேனிலும் இல்லத்து மல்லிகையும்

ஆண்டினை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்துக் கண்ட நம் முன்னோர், சித்திரையையும் வைகாசியையும் இளவேனில் என வழங்கினர். 'இள' என்னும் அடையைக் கண்டு, இஃது ஏதோ மென்மையான பருவம் போலும் என்று மயங்குதல் கூடாது. பனி உருகிப் புல் தளிர்க்கும் மேலைநாட்டு வசந்தம் வேறு. செஞ்சிப் பாறைகளின் நடுவே வந்திறங்கும் நம் இளவேனில் வேறு. மே 4ஆம் நாள் தொடங்கி மாத இறுதி வரை நீளும் அக்கினி நட்சத்திரம் முழுவதும் இப்பருவத்துக்குள்ளேயே அடங்கிவிடுகின்றது. ஆயினும், வீட்டுத் தோட்டத்தில் பூ மிகுதியாகக் கிடைப்பது இக்கொடும் வெயிலில்தான். இந்த முரண்பாட்டின் காரணத்தையும், அதில் அடங்கியுள்ள இன்பத்தையும் இக்கட்டுரையில் காண்போம்.

வல்லம் என்றதும் தஞ்சையை அடுத்த வல்லமே பலருக்கும் நினைவில் எழும். நாம் குறிப்பது விழுப்புரம் மாவட்டத்தில் செஞ்சிக் கோட்டையை அடுத்துள்ள வல்லம். இராசகிரி, கிருட்டிணகிரி, சந்திராயன் துர்க்கம் என்னும் மூன்று குன்றுகளையும் இணைத்துக் கட்டப்பட்ட அக்கோட்டை, 2025 ஜூலையில் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னங்களுள் ஒன்றாக அறிவிக்கப்பட்டது. கோட்டையைக் காண வருவோர் குன்றுகளை அண்ணாந்து பார்ப்பர். கல்யாண மகாலின் முன் நின்று படம் பிடித்துக்கொள்வர். அக்குன்றுகளைச் சூழ்ந்த ஊர்களில் வாழ்வோருக்கோ அப்பாறைகள் வேறொரு பாடத்தைக் கற்பிக்கின்றன. பகலெல்லாம் வெயிலை உண்ட கருங்கல், பொழுது சாய்ந்த பின்னரும் அதனை உமிழ்ந்துகொண்டே இருக்கின்றது. சித்திரை மாதத்து இரவில் ஒன்பது மணிக்கும் பாறையோரக் காற்றில் சூடு தணிவதில்லை. இத்தகைய நிலத்தில், குடத்து நீரையே நம்பிப் பூச்செடி வளர்ப்பது எளிய செயலன்று.

சங்கப் பாடல்களில் இளவேனிலுக்குரிய பூக்கள் எவை என்று நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். ஐங்குறுநூற்றின் பாலைப் பகுதியில் 'இளவேனிற் பத்து' என்றே ஒரு பகுதி உண்டு. அதில் பேசப்படுவன கோங்கு, குரவம், பாதிரி, புன்கு, மராம், வேம்பு எனப் பெரும்பாலும் மரப்பூக்களே. ஆழ வேரூன்றி நிலத்தடி ஈரத்தைத் தாமே தேடிக்கொள்ளும் மரங்களுக்கு எவரும் நீர் வார்க்க வேண்டுவதில்லை. இன்றும் எங்கள் தெருமுனை வேம்பு, சித்திரை பிறக்கும் முன்னரே நுண்ணிய வெண்பூக்களைத் தரையெங்கும் உதிர்த்துவிடுகின்றது. முல்லையோ காருக்கு உரியது. முல்லைத் திணைக்குப் பெரும்பொழுது கார்காலம் என்பதைத் தமிழ் மாணவர் யாவரும் அறிவர். எனவே, வீட்டு முற்றத்தில் இடுப்பளவே வளரும் ஒரு செடி கோடையில் கொத்துக் கொத்தாய்ப் பூக்கின்றது என்றால், அதில் இயற்கையின் பங்கோடு மனிதக் கையின் பங்கும் கலந்துள்ளது எனலாம்.

அச்செடி குண்டுமல்லி. தாவர நூலார் இதனை ஜாஸ்மினம் சம்பக் என்பர். முதற்சொல், பாரசீகத்து 'யாஸ்மின்' என்பதிலிருந்து பிறந்தது. இரண்டாம் சொல், மல்லிகை எண்ணெயைக் குறித்த 'ஸன்பக்' என்னும் அரபுச் சொல்லின் திரிபு. ஆங்கிலத்திலும் இதற்கு அரபு மல்லிகை என்றே பெயர். ஆனால், செடியின் தாயகம் அரபு நாடன்று, தெற்காசியாவே. பிலிப்பைன்ஸ் நாடு 1934இல் இதனைத் தன் தேசிய மலராக ஏற்றது. இந்தோனேசியா 1990இல் தன் தேசிய மலர்கள் மூன்றனுள் ஒன்றாக்கிக்கொண்டது. மதுரை மல்லிக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்ததும் யாவரும் அறிந்ததே. இத்துணைப் புகழ் வாய்ந்த செடிக்கு நாம் ஒதுக்க வேண்டிய இடம் எவ்வளவு? நான்கடி நீளம், நான்கடி அகலம். தோட்டக்கலையார் செடிக்குச் செடி விடச் சொல்லும் இடைவெளி 1.25 மீட்டர், அஃது ஏறத்தாழ இதே அளவுதான்.

இனி, எங்கள் வீட்டு நிகழ்ச்சி ஒன்றைக் கூறுவதில் தவறில்லை என எண்ணுகின்றோம். பல ஆண்டுகளுக்கு முன் எதிர்வீட்டு மூதாட்டி ஒருவர் தம் செடியிலிருந்து ஒரு பதியனை எங்களுக்குத் தந்தார். கிணற்றடி ஓரமாக அதனை நட்டு, நாள்தோறும் நீர் வார்த்து, இலை ஒன்று பழுத்தாலும் வருந்தி, குழந்தையைப் போல் வளர்த்தோம். செடி அடர்ந்து செழித்தது. பார்ப்பவரெல்லாம் பாராட்டினர். அடுத்த சித்திரை வந்தது; வைகாசியும் கழிந்தது. ஒரு கைப்பிடி மொட்டுக்கூடக் கிட்டவில்லை. அம்மையாரிடம் முறையிட்டோம். அவர் சிரித்தார். "தண்ணி ஊத்தி ஊத்தி இலைய வளத்துட்டீங்க தம்பி. கார்த்திகையில கத்தி வெச்சிருந்தா சித்திரையில பூ பூத்திருக்கும்" என்றார்.

அவர் சொன்னது அனுபவ அறிவு மட்டுமன்று, அறிவியலும் அதுவே. குண்டுமல்லி புதிதாகத் துளிர்க்கும் கிளைகளில்தான் பூக்கும். முதிர்ந்த கிளைகளை அப்படியே விட்டால் செடியின் ஆற்றல் இலைக்கும் மரத்தண்டுக்கும் சென்றுவிடும். ஆகவே நவம்பர் மாதத்தின் கடைசி வாரத்தில், அதாவது கார்த்திகையில், தரையிலிருந்து 50 சென்டிமீட்டர் உயரம் நிற்குமாறு செடி முழுவதையும் வெட்டிவிட வேண்டும். காய்ந்த குச்சி, நோயுற்ற கிளை, குறுக்கே வளர்ந்தவை ஆகிய அனைத்தையும் நீக்கிவிட வேண்டும். நம் பகுதியில் அது வடகிழக்குப் பருவமழைக் காலம். எனவே மழை ஓய்ந்த ஒரு நாளைத் தேர்ந்து வெட்டுதல் நலம். வெட்டிய பின் மேல்மண்ணைக் கிளறி, செடி ஒன்றுக்குப் பத்துக் கிலோ அளவில் நன்கு மட்கிய தொழுவுரம் இட வேண்டும். முல்லைக்கும் பிச்சிக்கும் இக்கணக்கு வேறு. அவற்றைத் தை மாதத்தில், ஜனவரி இறுதியில், 45 சென்டிமீட்டர் உயரத்தில் வெட்டுவர்.

படிப்பதற்கு இஃது எளிது. பச்சைப் பசேலென நிற்கும் செடியின் மேல் கத்தியை வைக்க மனம் வர வேண்டுமே! முதன்முறை வெட்டியபோது எங்கள் இல்லத்தில் பெரும் விவாதமே நடந்தது. வெட்டி முடித்தபின் எஞ்சியது சில மொட்டைக் குச்சிகள். மார்கழி முழுவதும் அவற்றைப் பார்த்து, செடியைக் கொன்றுவிட்டோமோ என்று அஞ்சினோம். தை மாதத்தில் கணுக்களில் செம்மை கலந்த துளிர்கள் தோன்றின. பங்குனியில் முதல் மொட்டு வந்தது. சித்திரையில், நாளொன்றுக்கு ஓர் ஆழாக்கு மொட்டு பறித்தோம்.

பூத்தபின் எஞ்சுவது நீர்ப் பிரச்சினையே. கிணற்று நீர் இறங்கிவிடும் மாதங்களில் செடிக்கென்று நல்ல நீர் ஒதுக்க எந்த இல்லத்தரசிக்கும் மனம் வாராது, வருதலும் தகாது. அரிசி களைந்த கழுநீரும், காய்கறி அலசிய நீரும் ஒரு செடிக்குப் போதும். சவர்க்கார நீரை வேரில் ஊற்றுதல் கூடாது. நீரினும் முக்கியமானது மூடாக்கு. செஞ்சி வட்டாரத்தில் நிலக்கடலையை 'மல்லாட்டை' என்பர். உரித்தபின் அதன் ஓடு குப்பைக்கே போகின்றது. அதனை வேரடியில் மூன்று விரல் கனத்துக்குப் பரப்பிவிட்டால், காலையில் வார்த்த நீரின் ஈரம் மாலையிலும் மண்ணில் இருக்கக் காணலாம். அடுத்த மழைக்குள் அவ்வோடு மட்கி உரமாகவும் ஆகிவிடும்.

இலை நரம்பு பச்சையாக இருக்க, இடைப்பகுதி மட்டும் வெளுத்து மஞ்சளாவது இரும்புச்சத்துக் குறைவின் அடையாளம். நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் அன்னபேதியை லிட்டருக்கு ஐந்து கிராம் வீதம் கரைத்து இலைமேல் தெளித்தால் பசுமை மீளும். மொட்டு ஊதா நிறமாகித் துளைபட்டிருந்தால், உள்ளே மொட்டுப்புழு உண்டு எனக் கொள்க. அத்தகைய மொட்டுகளைக் கிள்ளி அழிப்பதும், வேப்பங்கொட்டைச் சாறு தெளிப்பதும் ஒரு வீட்டுச் செடிக்குப் போதுமானவை. நிழலில் நட்ட மல்லிக்கு மட்டும் எம்மருந்தும் இல்லை. வெயில் வேண்டும், அதனால்தான் நாம் வாடும் பருவத்தில் அது மகிழ்கின்றது.

பிற செடிகள் வேண்டாவோ எனின், வேண்டும். மணமில்லாவிடினும் நிறத்தால் கவரும் கனகாம்பரம் சிறிது நிழலையும் பொறுத்துக்கொள்ளும். மருதோன்றி வேலியாகவும் நிற்கும். அதன் இலையை அரைத்துக் கைக்கு இடுவோர் அதன் சிறு பூங்கொத்தின் நறுமணத்தைக் கவனிப்பதில்லை என்பது எங்களுக்கு ஒரு குறை. அரளி அழகியது, ஆனால் வேர் முதல் பூ வரை நஞ்சு. சிறு குழந்தைகள் உள்ள வீட்டில் அதனைத் தவிர்த்தலே அறிவுடைமை.

மல்லிகையின் இன்பம் பார்வையில் இல்லை, பொழுதில் இருக்கின்றது. விடியற்காலையில் பறித்த மொட்டு பகல் முழுவதும் மூடியே இருக்கும். பொழுது சாய்ந்தபின் இதழ்கள் நெகிழும். லினலூல், பென்சைல் அசிட்டேட் முதலிய மணப்பொருள்கள் அப்போது காற்றில் கலக்கின்றன. இரவில் பறக்கும் அந்துப்பூச்சிகளை அழைப்பதற்காக அமைந்த மணம் அது. பறிக்காமல் செடியில் விட்ட ஓரிரு மொட்டுகள் விரியும்போது, பாறைச் சூடு இன்னும் அடங்காத முற்றத்தில் கயிற்றுக் கட்டிலை இழுத்துப் போட்டு அமர்ந்திருந்தால், அந்த வெப்பக்காற்றே மணத்தைச் சுமந்து வருவதை உணரலாம். குளிர்ந்த நாட்டார்க்கு இது வாய்ப்பதன்று. வீட்டுப் பெண்கள் வாழைநாரைக் கிழித்துப் பூக்கட்டும் நேரமும் அதுவே. நாளெல்லாம் அடுப்படியில் நின்றவர்கள் அமர்ந்து பேசும் நேரம், பல இல்லங்களில், அஃது ஒன்றே.

குண்டுமல்லியில் விதை பிடிப்பது மிக அரிது. எனவே, நாம் காணும் ஒவ்வொரு செடியும் மற்றொரு வீட்டுச் செடியின் கிளையே. ஆடி மாதத்தில் தாழ்ந்த கிளை ஒன்றை வளைத்து, கணுவருகே பட்டையைச் சிறிது சீவி, மண்ணில் புதைத்து, மேலே ஒரு கல்லை வைத்துவிட்டால், மூன்று நான்கு மாதங்களில் வேர்விடும். பின் தாய்ச்செடியிலிருந்து அறுத்து எடுத்து நடலாம். வல்லத்துத் தெருக்களில் இன்னார் செடி இன்னார் வீட்டிலிருந்து வந்தது என்று சொல்லும் முதியோர் இன்னும் உளர். யார் வீட்டுத் திருமணத்துக்கு யார் கொல்லையிலிருந்து பூப் போயிற்று என்பதும் அவர்களுக்குத் தெரியும்.

எங்களுக்குப் பதியன் தந்த அம்மையார் இன்று இல்லை. அவர் வீட்டை இடித்துப் புதுவீடு கட்டியபோது அவருடைய செடியும் போயிற்று. முற்றம் முழுவதும் சிமெண்டுத் தளமாயிற்று. சென்ற ஆடியில் அவர் பேரன் எங்கள் செடியைப் பார்த்துவிட்டு, "இது எங்க பாட்டி வீட்டுச் செடிதானே?" என்று கேட்டார். அன்றே ஒரு கிளையை மண்ணில் புதைத்தோம். கார்த்திகையில் வேரோடு எடுத்துக் கொடுத்தபோது, வாயிற்படிக்கு வலப்புறம் நான்கடிச் சதுரத்தில் தளத்தை உடைத்து, செம்மண் கொட்டி வைத்திருந்தார்.