மஞ்சள் புத்தகத்துக்கு இன்னும் காசு கொடுக்கலாமா?

வானொலியில் வேலை செய்கிறவனைப் பார்த்தால் மக்கள் பொதுவாக இரண்டு விஷயம் கேட்பார்கள். ஒன்று, பாட்டு. இன்னொன்று, விளம்பரம். போன தீபாவளிக்கு முன்பு ஜார்ஜ்டவுன் மார்க்கெட் ஸ்ட்ரீட் பக்கம் போயிருந்தபோது, எனக்குத் தெரிந்த தையல்கடை அக்கா இரண்டாவதைக் கேட்டார்.

“தம்பி, நீங்கதான் ரேடியோவுல விளம்பரம் எல்லாம் பேசுறீங்க. இதைப் பார்த்துச் சொல்லுங்க. போடலாமா, வேணாமா?”

கையில் ஒரு பாரம். அச்சில் வரும் வணிக வழிகாட்டிப் புத்தகம் ஒன்றில் கால் பக்க விளம்பரத்தை இன்னும் ஓர் ஆண்டுக்குப் புதுப்பிக்கச் சொல்லி, ஒருவர் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். அக்காவின் கணவர் இருந்தவரை வருடம் தவறாமல் கட்டினார். அவர் போன பிறகும் அக்கா நிறுத்தவில்லை. “அவர் செஞ்சதை நான் நிறுத்திட்டேன்னு இருக்கக் கூடாதில்ல?” என்றார். அதே காசு இருந்தால், பழுதாகி மூலையில் கிடக்கும் ஓவர்லாக் இயந்திரத்தை மாற்றலாம் என்பதும் அவருக்குத் தெரியும்.

உடனே பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நானும் விளம்பர வருமானத்தில் சம்பளம் வாங்குகிறவன். “அதை விடுங்க, ரேடியோவுல போடுங்க” என்று சொல்வது சுலபம். அது நியாயமான பதிலா என்பதுதான் கேள்வி. அதனால் கொஞ்சம் படித்தேன், பல கடைக்காரர்களிடம் பேசினேன். அக்காவிடம் சொன்னதையே இங்கே எழுதுகிறேன்.

ஒரே ஒரு தாளில் தொடங்கியது

உலகின் முதல் தொலைபேசிப் பட்டியல் 1878 பிப்ரவரியில் அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரில் வந்தது. ஒரே ஒரு தாள், ஐம்பது பெயர்கள். அதில் எண்களே கிடையாது. பெயரைச் சொன்னால் நிலையத்தில் இருப்பவர் இணைத்து விடுவார். 1886-இல் சிகாகோவில் ரூபன் டொனலி என்பவர் கடைகளைத் தொழில்வாரியாகப் பிரித்துப் புத்தகம் போட்டார். மஞ்சள் பக்கம் என்ற வியாபாரம் அங்கிருந்துதான் வளர்ந்தது.

நம் நாட்டிலும் டெலிகோம் மலேசியாவின் மஞ்சள் பக்கம் ஒரு காலத்தில் வீட்டுச் சாமான் மாதிரி. தொலைபேசிக்குக் கீழே அது இருக்கும். குழந்தை நாற்காலியில் உட்கார உயரம் போதவில்லை என்றால் அதற்கும் அதுதான்.

அந்த விளம்பரம் ஏன் வேலை செய்தது என்பதைக் கவனிக்க வேண்டும். நாளிதழ் விளம்பரத்தைப் பார்ப்பவர் தோசை சாப்பிட்டுக்கொண்டு சும்மா பக்கத்தைப் புரட்டுகிறவர். மஞ்சள் புத்தகத்தைத் திறப்பவர் அப்படியில்லை. குழாய் உடைந்திருக்கும், ஏர்கோண் நின்றிருக்கும், கல்யாணத்துக்குப் பந்தல் வேண்டியிருக்கும். வாங்க முடிவு செய்தவர்தான் அதைத் திறப்பார். யாரிடம் வாங்குவது என்பது மட்டும்தான் பாக்கி. அதனால்தான் அகர வரிசையில் முதலில் வருவதற்காகப் பல நாடுகளில் வியாபாரிகள் ‘ஏ1’, ‘ஏஏஏ’ என்றெல்லாம் பெயர் வைத்தார்கள். ‘ஸ்ரீ’ என்று தொடங்கும் நம் கடைகள் கடைசிப் பக்கங்களில் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன.

புத்தகம் ஏன் மெலிந்தது?

வாங்க முடிவு செய்தவர் இப்போது கைப்பேசியைத்தான் எடுக்கிறார். பிரிட்டனில் ‘யெல்’ நிறுவனம் 1966-இல் பிரைட்டன் நகரில் தொடங்கிய மஞ்சள் பக்கத்தை, 2019 ஜனவரியில் அதே பிரைட்டனில் கடைசிப் பிரதியைக் கொடுத்து முடித்துக்கொண்டது. இப்போது இணையத்தில் மட்டும்தான் நடத்துகிறது. அமெரிக்காவின் சியாட்டல் நகரம் 2010-இல், வேண்டாம் என்று சொல்பவர் வீட்டில் இந்தப் புத்தகத்தைப் போடக்கூடாது என்று சட்டமே கொண்டு வந்தது. 2012-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தச் சட்டத்தைத் தள்ளுபடி செய்தது என்பது வேறு விஷயம். குப்பைக்குப் போகும் காகிதம் என்று மக்கள் நினைக்கத் தொடங்கிவிட்டார்கள் என்பதற்கு அது அடையாளம்.

பினாங்குக்கு இன்னொரு காரணமும் உண்டு. வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 2000 ஜனவரி 1 முதல் இல்லாமல் போனது. வாடகை ஏறியது. தலைமுறையாக ஒரே கடைவீட்டில் இருந்தவர்கள் இடம் மாறினார்கள். முகவரி மாறினாலும் அச்சிட்ட புத்தகம் அடுத்த பதிப்பு வரை பழைய முகவரியைத்தான் காட்டும். 2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தபோது இது இன்னும் நன்றாகப் புரிந்தது. எந்தக் கடை திறந்திருக்கிறது, எத்தனை மணி வரை, வீட்டுக்குக் கொண்டு வருவார்களா? ஒரு கேள்விக்கும் புத்தகத்தில் பதில் இல்லை.

அப்படியென்றால் அச்சு செத்துவிட்டதா?

அவசரப்பட்டு அப்படிச் சொல்ல மாட்டேன். நம் வீடுகளில் சமையலறைச் சுவரைப் பாருங்கள். நாள்காட்டி தொங்கும். அதன் தலையில் நகைக்கடையோ மளிகைக்கடையோ பெயர் இருக்கும். இராகு காலம் பார்க்கும்போதெல்லாம் 365 நாளும் கண்ணில் படும். அதுவும் அச்சுதான்.

கோயில் கும்பாபிஷேக மலர், பள்ளி ஆண்டு மலர் ஆகியவற்றில் வரும் விளம்பரங்கள் வேறு வகை. அங்கே காசு கொடுப்பவர் வாடிக்கையாளரைத் தேடுவதில்லை, ஊரோடு இருக்கிறோம் என்று காட்டுகிறார். தாராளமாகக் கொடுங்கள். ஆனால் கணக்குப் புத்தகத்தில் அதை விளம்பரம் என்று எழுதாமல் நன்கொடை என்று எழுதுங்கள். இரண்டையும் கலந்தால் எது வியாபாரம் கொண்டு வந்தது என்று கடைசி வரை தெரியாது.

குறிப்பிட்ட தொழில்காரர்களுக்கென்று வரும் புத்தகங்களும் உண்டு. வணிகச் சங்க உறுப்பினர் பட்டியல் அப்படிப்பட்டது. அதை வாங்கி வைப்பவர் உங்கள் வாடிக்கையாளராக இருக்கக்கூடியவர் என்றால் அது பயன்படும். அதனால், அச்சா இணையமா என்று கேட்பதற்கு முன், யார் கையில் அது போய்ச் சேர்கிறது என்று கேளுங்கள்.

ஒரு சின்னக் கணக்கு

உதாரணத்துக்கு விளம்பரம் ஆண்டுக்கு 1,200 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். ஒரு ஜாக்கெட் தைத்தால் நூல், லைனிங், கூலி போக 30 வெள்ளி மிஞ்சுகிறது. அப்படியானால் போட்ட காசை எடுக்கவே 40 ஜாக்கெட் தைக்க வேண்டும். ஒரு வாடிக்கையாளர் ஆண்டுக்கு நான்கு கொடுப்பார் என்றால், அந்தப் புத்தகம் பத்துப் புது ஆட்களைக் கொண்டு வந்தாக வேண்டும். இதே விளம்பரத்தை மண்டப அலங்காரம் செய்பவர் போட்டு, ஒரு நிகழ்ச்சிக்கு 600 வெள்ளி மிஞ்சினால், இரண்டு நிகழ்ச்சி கிடைத்தாலே கணக்கு சரியாகிவிடும். ஒரே புத்தகம் ஒருவருக்கு இலாபம், இன்னொருவருக்கு நட்டம்.

அந்தப் பத்துப் பேர் வருகிறார்களா என்று எப்படித் தெரிந்துகொள்வது? பெரிய மென்பொருள் எதுவும் வேண்டாம். பள்ளிப்பிள்ளை நோட்டு ஒன்று போதும். புதிதாக வரும் ஒவ்வொருவரிடமும் “எப்படிம்மா நம்ம கடை தெரியும்?” என்று கேட்டு ஒரு கோடு போடுங்கள். மூன்று மாதம் செய்தால் போதும்.

கையெழுத்துக்கு முன்பு

விற்க வருபவரிடம் நான்கு கேள்விகள் கேளுங்கள். எத்தனை பிரதி அச்சடிக்கிறீர்கள்? அது யாருக்கு, எந்த வட்டாரத்தில் போகிறது? என் தொழிலில் இன்னும் எத்தனை பேர் அதே பக்கத்தில் இருக்கிறார்கள்? நான் ஒன்றும் சொல்லாவிட்டால் அடுத்த ஆண்டு தானாகப் புதுப்பிக்கப்படுமா? கடைசிக் கேள்விக்கான பதில் எழுத்தில் இருக்க வேண்டும்.

ஏமாற்று வேலையும் இதில் உண்டு. ‘உங்கள் விவரம் சரியா என்று பார்த்து, கையெழுத்திட்டு அனுப்புங்கள்’ என்று ஒரு பாரம் வரும். அடியில் பொடி எழுத்தில், இரண்டு மூன்று ஆண்டுக்குப் பணம் கட்டச் சம்மதம் என்று இருக்கும். ஐரோப்பாவில் சிறு வியாபாரிகள் பலர் இப்படிச் சிக்கியதால், ஐரோப்பிய நாடாளுமன்றம் 2008 டிசம்பரில் இதற்கென்றே தீர்மானம் போட்டது. மஞ்சள் பக்கத்தின் ‘நடக்கும் விரல்கள்’ சின்னத்தை அமெரிக்க ஏடி அண்ட் டி நிறுவனம் தன் வணிகச் சின்னமாகப் பதிந்துகொள்ளவில்லை. அதனால் யார் வேண்டுமானாலும் அதைப் போட்டுக் கடிதம் அனுப்ப முடிந்தது. பில் மாதிரி இருப்பதெல்லாம் பில் அல்ல. கடையில் வேலை செய்யும் பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லி வையுங்கள்.

இலவசமாக இருப்பதை முதலில் செய்யுங்கள்

கூகளில் கடையின் பெயரைப் பதிவது இலவசம். திறக்கும் நேரம், தொலைபேசி எண், நான்கைந்து நல்ல படங்கள் போதும். தீபாவளி, தைப்பூச விடுமுறையை முன்கூட்டியே குறித்துவிடுங்கள். திருப்தியாகப் போகும் வாடிக்கையாளரிடம் இரண்டு வரி எழுதச் சொல்லிக் கேளுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஓர் எச்சரிக்கை. பல கடைகளில் அந்தப் பதிவைச் செய்து கொடுப்பது மருமகனோ, பகுதிநேர வேலைக்கு வந்த கல்லூரிப் பையனோதான். அவருடைய சொந்த மின்னஞ்சலில் செய்துவிட்டுச் சிங்கப்பூருக்குப் போய்விட்டால், பிறகு எண்ணை மாற்றக்கூட நீங்கள் திண்டாட வேண்டும். கடையின் பெயரில் ஒரு மின்னஞ்சல் திறந்து, கடவுச்சொல்லை முதலாளியே வைத்துக்கொள்வது நல்லது. இணைய விளம்பரத்துக்குக் காசு போடுகிறவர்களுக்கும் அந்த நோட்டுக் கணக்கு பொருந்தும். வானொலிக்கும் பொருந்தும், நானே சொல்கிறேன்.

அக்கா என்ன செய்தார்?

தீபாவளி கூட்டத்திலும் நோட்டில் கோடு போட்டார். தைப்பூசம் முடிந்து போய்ப் பார்த்தேன். பெரும்பாலான கோடுகள் ‘இன்னார் சொன்னாங்க’ என்பதற்குக் கீழே. அடுத்தது கூகள். புத்தகத்துக்குக் கீழே ஒரே ஒரு கோடு.

அந்த ஒரு கோடு ஆயர் ஈத்தாமில் இருந்து வந்த பெரியவர். மனைவியின் பழைய புடவைகளுக்கு ஜாக்கெட் தைக்க வேண்டுமென்று, பல வருடத்துக்கு முந்தைய பக்கம் ஒன்றைக் கிழித்து வைத்திருந்தாராம். அந்த எண்ணுக்கே அழைத்திருக்கிறார். அக்கா கணவர் வாங்கிய ‘04’ வீட்டுத் தொலைபேசி எண் இன்னும் கடையில் அடித்துக்கொண்டிருக்கிறது.

அக்கா விளம்பரத்தைப் புதுப்பிக்கவில்லை. அந்தப் பழைய எண்ணை மட்டும் விடாமல், கடை மூடியிருக்கும்போது கைப்பேசிக்குத் திரும்புகிற மாதிரி செய்துகொண்டார். “புத்தகம் போனா போகட்டும் தம்பி. அவர் வாங்குன நம்பர் இருக்கட்டும்” என்றார்.

மூலையில் புது ஓவர்லாக் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது.